மீட்டமைத்தால் மீளுமா?

ஐப்பசி மாதத்து மழை உடும்பஞ்சோலையில் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். வரும்போது இடியையும் மின்னலையும் கூட்டிக்கொண்டு வரும். ஏலக்காட்டில் காய் எடுக்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஆட்கள் ஸ்டோருக்கு ஒதுங்கிய அப்படி ஒரு மத்தியானத்தில், ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை ஒருவரின் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கணக்குப்பிள்ளை. இன்னொருவர் அவருடைய அக்கா மகன். நெடுங்கண்டத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார்.

விஷயம் சின்னதுதான். 2012இல் வாங்கிய டெஸ்க்டாப். பொத்தானை அமுக்கிவிட்டு ஒரு காபி குடித்து வந்தாலும் திறந்திருக்காது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்கு அதைச் சுத்தமாகத் துடைத்து, வாங்கியபோது இருந்த மாதிரி ஆக்கிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு. மருமகன் செட்டிங்ஸுக்குள் போனார். கணக்குப்பிள்ளை விண்டோஸைத் தமிழில் வைத்திருந்தார். திரையில் 'மீட்டமை' என்று ஒரு வார்த்தை வந்து நின்றது. அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை இரண்டு முறை படித்தார்.

"மீட்டமைன்னா போனதெல்லாம் திரும்பி வரும்னுதானே மாப்ளே அர்த்தம்? போன வருசம் கை தவறி அழிச்சேனே, அந்த ஃபோல்டரும் வந்துருமா?"

"வராது மாமா. இருக்கறதும் போயிரும்."

கணக்குப்பிள்ளை மௌஸிலிருந்து மருமகனின் கையை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

அவர் கேட்டதில் தவறில்லை. அடகு வைத்த நகையை மீட்பார்கள். தேனிப் பக்கம் 'திருப்புவது' என்பார்கள். காய் விற்ற பணம் கைக்கு வந்ததும் மலையில் முதலில் நடக்கும் காரியம் அதுதான். புறப்பொருள் வெண்பாமாலையில் வெட்சியார் கவர்ந்துபோன பசுக்களைக் கரந்தையார் மீட்கிறார்கள். கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்கிறார்கள். தமிழில் எங்கே போனாலும் மீட்பது என்றால் இழந்தது கைக்கு வருவதுதான். ஆங்கிலத்தில் 'ரீஸ்டோர்' ஒரு வார்த்தை, 'ரீசெட்' வேறு வார்த்தை. முதலாவது இழந்ததைத் திரும்பக் கொண்டுவருகிறது. இரண்டாவது எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஆரம்பத்துக்குப் போகிறது. தமிழாக்கம் செய்தவர்கள் இரண்டின் தலையிலும் பெரும்பாலும் 'மீட்டமை' என்ற ஒரே தொப்பியை வைத்துவிட்டார்கள். பக்கத்து மலையாளத்தில் ரீஸ்டோருக்கு 'புனஸ்தாபிக்குக', ரீசெட்டுக்கு 'புனஸஜ்ஜமாக்குக' என்று இரண்டு சொற்களாவது புழங்குகின்றன. வாயில் நுழைவது கஷ்டம் என்றாலும் வித்தியாசம் தெரிகிறது. 'அழித்துத் தொடங்கு' என்று பச்சையாக எழுதியிருந்தால் கணக்குப்பிள்ளைக்குச் சந்தேகமே வந்திருக்காது.

வார்த்தைக் குழப்பம் விண்டோஸின் வரலாற்றிலேயே கொஞ்சம் உண்டு. 2000இல் வந்த விண்டோஸ் மில்லேனியம் பதிப்பில் 'சிஸ்டம் ரீஸ்டோர்' என்ற வசதி அறிமுகமானது. புதிதாக ஏதோ ஒரு புரோகிராமைப் போட்டு மிஷின் தகராறு செய்தால், முந்தைய ஒரு நாளின் அமைப்புக்கு அது திரும்பிப் போகும். கடிதங்களையும் படங்களையும் தொடாது. சொல்லப்போனால் சாது. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோதுதான் 'ரீசெட்' என்ற பொத்தான் சாதாரண ஆட்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கப்பட்டது. அதற்கு முன்னால் இந்த வேலை கடைக்காரர்களுடையது.

கணக்குப்பிள்ளை பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரின் 'டி' டிரைவில் பழைய செக்ரோல் புத்தகங்களின் ஸ்கேன்கள் இருந்தன. செக்ரோல் என்பது தோட்டத்தில் யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு கூலி, எவ்வளவு முன்பணம் என்று எழுதும் பேரேடு. அவர் வேலை பார்த்த தோட்டம் கை மாறியபோது பழைய பேரேடுகளைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். அவர் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வருஷத்தில் பாதி நாள் ஈரமாக இருக்கும் மலையில் காகிதம் என்ன ஆகும் என்பது தெரிந்ததே. பூஞ்சணம் பாதியைத் தின்றது, மீதியைக் கரையான் தின்றது. அதற்குள் அவர் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருந்தார். அதில் பழையது 1946ஆம் வருஷத்தது.

1946க்கு இந்த மலையில் என்ன விலை என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. தாழ்த்தப்பட்டோர் பட்டியலை வகுத்த குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்தது. ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருக்கும் ஒருவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தச் சலுகை அவர் பின்னாலேயே போகாது என்பதை 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆகவே கேரளத்தில் சாதிச் சான்றிதழ் கேட்கும் தமிழ்க் குடும்பம், 1950க்கு முன்பே தன் தாத்தாவோ பூட்டனோ இங்கே குடியிருந்தார் என்று காட்ட வேண்டியிருக்கிறது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் மலையேறி வந்து ஏலக்காட்டில் வேலை பார்த்தவர்களிடம் அந்தக் காலத்துப் பட்டயமும் பத்திரமும் எங்கே இருக்கும்? தோட்டத்துப் பேரேட்டில் ஒரு வரி இருக்கலாம். அந்த வரியைத் தேடி அவ்வப்போது யாராவது கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். ஸ்கேன் செய்த படம் மூலப் பத்திரம் ஆகிவிடாது. அலுவலகத்தில் ஏற்றுக்கொள்வதும் கொள்ளாததும் அவர்கள் பாடு. ஆனால் தேடுகிறவருக்கு அது ஒரு முனை.

போன வருஷம் கை தவறி அழிந்தது அந்த ஸ்கேன்களில் ஒரு ஃபோல்டர்.

தொழிற்சாலை நிலை என்பது கம்ப்யூட்டருக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்ற கேள்விக்கு இடத்துக்கு இடம் பதில் வேறு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பெரிய கம்பெனிகள் மிஷினோடு ஒரு சிடி கொடுத்தன. காம்பாக் கொடுத்ததற்கு 'க்விக் ரீஸ்டோர்' என்று பெயர். சிடியைப் போட்டால் கம்பெனியிலிருந்து வந்த நாளைப் போல ஆகிவிடும். பிறகு சிடிக்குச் செலவழிப்பானேன் என்று ஹார்ட் டிஸ்கிலேயே ஒரு மூலையைத் தடுத்து, கண்ணில் படாமல் அந்த மூலப்பிரதியை வைத்தார்கள். அதை எழுப்புவதற்குக் கம்பெனிக்கு ஒரு சாவி. எச்பி என்றால் எஃப் 11. ஏசர் என்றால் ஆல்ட்டும் எஃப் 10ம். ஆசுஸ் என்றால் எஃப் 9. லெனோவோவின் சில லேப்டாப்களில் ஊக்கு நுனியால் குத்த வேண்டிய ஒரு துளை.

ஆனால் நம் ஊர் வீடுகளில் நுழைந்த கம்ப்யூட்டர்களில் பெரும் பகுதி எந்தத் தொழிற்சாலையிலும் பிறந்ததில்லை. சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி, உள்ளூர்க் கடையில் பூட்டியவை. அவற்றின் தொழிற்சாலை என்பது அந்தக் கடையின் பின்கட்டுதான். மூலப்பிரதி என்பது கடைக்காரர் வைத்திருந்த ஒரு சிடி. அது யாருடைய பிரதி, எத்தனையாவது பிரதி என்று கேட்பது மரியாதையில்லை. நியூஸிலாந்தில் உருவாகி 1998இல் சைமன்டெக் கம்பெனியின் கைக்குப் போன 'கோஸ்ட்' என்ற சாஃப்ட்வேர், ஒரு டிஸ்கை அப்படியே படமெடுத்து இன்னொன்றில் இறக்கிவிடும். அதை வைத்துக்கொண்டு கடைக்காரர்கள் ஒரே நாளில் பத்து மிஷின்களுக்கு ஒரே ஜாதகத்தை எழுதினார்கள்.

கணக்குப்பிள்ளையின் மிஷின் கம்பெனி மிஷின். மறைவான மூலையும் இருந்தது. அங்கேதான் இன்னொரு சிக்கல். 2012இல் வாங்கியபோது அதில் இருந்தது விண்டோஸ் 7. பிறகு மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்த சமயத்தில் விண்டோஸ் 10க்கு மாற்றிக்கொண்டார்கள். ஆக இப்போது அந்த மிஷினுக்கு இரண்டு வாசல்கள். மறைவான மூலையிலிருக்கும் பிரதியை எழுப்பினால் (அது இன்னும் கெடாமல் இருந்தால்) விண்டோஸ் 7 வரும். அசலான தொழிற்சாலை நிலை அதுதான். ஆனால் விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 அன்று நின்றுவிட்டன. அதைப் போட்டு இன்டர்நெட்டில் விடுவது, 2012இல் பூட்டிய பூட்டை நம்பிக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். செட்டிங்ஸில் இருக்கும் ரீசெட் வழியாகப் போனால் விண்டோஸ் 10 வரும். விண்டோஸ் 10 தனியாக மூலப்பிரதி வைத்துக்கொள்வதில்லை. தன்னிடம் இருக்கும் ஃபைல்களிலிருந்தே தன்னைப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. அல்லது 2020இல் வந்த வசதிப்படி இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்கிறது. இறக்க நாலு ஜிபிக்கு மேல் வேண்டும். மழை நாளில் மலை மேல் நாலு ஜிபி என்றால் விடிந்துவிடும்.

அந்த விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் என்று ஒரு தவணை கொடுத்திருக்கிறார்கள்.

"பாப்பா ஸ்கூல்ல ஓடறதையே போட்டுரலாமே மாமா" என்றார் மருமகன். அதுவும் நடக்கக்கூடியதுதான். கேரளப் பள்ளிகளில் ஓடுவது விண்டோஸ் அல்ல. 2000களின் ஆரம்பத்தில் 'ஐடி அட் ஸ்கூல்' என்று தொடங்கி, 2017இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறிய அமைப்பு, உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தானே ஒரு லினக்ஸ் தொகுப்பைத் தயாரிக்கிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களில் அதைப் போடுவதால் உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் சொன்னார்கள். அங்கே மிஷின் கெட்டுப்போனால் பென் டிரைவைச் செருகிப் புதிதாகப் போடுகிறார்கள். தொழிற்சாலையைத் தேடும் பேச்சே இல்லை.

அந்த முடிவைப் பேத்தியிடம் விட்டார்கள். அவசரமான வேலை வேறு இருந்தது.

கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலை அழிப்பது என்பது, நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தைக் கிழிப்பது போல் அல்ல, பொருளடக்கத்தில் அந்தப் பக்கத்தின் எண்ணை அடிப்பது போல. பக்கம் அங்கேயே கிடக்கும், அதன் மேல் வேறு எதையாவது எழுதும்வரை. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இரண்டு எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் பழைய ஹார்ட் டிஸ்குகளாகப் பார்த்து 158 வாங்கினார்கள். 2003இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி, வேலை செய்த 129 டிஸ்குகளில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றில் கிரெடிட் கார்டு எண்களிலிருந்து அந்தரங்கக் கடிதங்கள்வரை கிடைத்தன. விற்றவர்களுக்கு அது கெட்ட செய்தி. கணக்குப்பிள்ளைக்கு அதுவே நல்ல செய்தி. ரீசெட் செய்த பிறகு தேடினால் வாய்ப்பு மங்கிவிடும், டிரைவைத் 'துடை' என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அற்றே போகும். இன்றைய புது லேப்டாப்களில் இருக்கும் எஸ்எஸ்டி என்றால் அழித்த கொஞ்ச நேரத்திலேயே மிஷின் தானாகச் சுத்தம் செய்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க் என்பதால்தான் நம்பிக்கை.

மருமகன் கேபினெட்டைத் திறந்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றினார். தன் லேப்டாப்பில் மாட்டி, 'ஃபோட்டோரெக்' என்ற இலவச சாஃப்ட்வேரை ஓடவிட்டார். மீட்டதை அதே டிஸ்கில் எழுதக் கூடாது, வேறு டிஸ்கில்தான் எழுத வேண்டும் என்பது இதில் முதல் விதி. கண்டெடுக்கும் பக்கத்தின் மேலேயே எழுதினால் மிச்சமும் போய்விடும். ராத்திரி ஒன்பது மணி வாக்கில் படங்கள் வரத் தொடங்கின. இந்தச் சாஃப்ட்வேருக்கு ஒரு குணம்: ஃபைலின் உள்ளடக்கத்தைக் கண்டுபிடிக்கும், பெயரைக் கண்டுபிடிக்காது. அழிந்த ஃபோல்டரில் முக்கால்வாசி வந்து சேர்ந்தது, பெயருக்குப் பதில் வெறும் எண்களோடு. எது எந்தப் பேரேட்டின் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கப் பழைய பட்டியல் வேண்டும். பட்டியலைக் கணக்குப்பிள்ளை பல வருஷங்களுக்கு முன் தானே டைப் அடித்து வைத்திருந்தார்.

லேப்டாப்பில் அதைத் திறந்தால் ஒரு எழுத்தும் தமிழில் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் மழைக்கு ஒதுங்கியது போல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நடுநடுவே 1946, 1947, 1949 என்று வருஷங்கள் மட்டும் படிக்கிற மாதிரி இருந்தன.

தமிழ் டைப் அடித்த பழைய ஆட்களுக்கு இது புதிதல்ல. யூனிகோட் பரவுவதற்கு முன்னால் பாமினி மாதிரியான ஃபான்ட்கள் தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் நாற்காலிகளில் உட்காரவைத்தன. 'அம்மா' என்று அடித்தால் கம்ப்யூட்டர் உள்ளே எழுதிக்கொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஃபான்ட் இருந்தால் அது அம்மா. இல்லாவிட்டால் வெறும் கிறுக்கல். எண்கள் மட்டும் தங்கள் நாற்காலியிலேயே இருந்ததால் வருஷங்கள் தப்பின. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு நாற்காலி வரிசை வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இதை ஒழுங்குபடுத்தப் பார்த்தது. யூனிகோடைத் தமிழக அரசு தன் அலுவலகங்களுக்கு ஏற்றுக்கொண்டது 2010இல். அதற்குள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மலையிலும் எத்தனை பேர் எத்தனை பக்கங்களை எந்த எந்த ஃபான்டில் அடித்துத் தீர்த்திருப்பார்கள் என்று கணக்கில்லை.

இந்த ஃபான்ட் ஃபைல் இருப்பது விண்டோஸ் வசிக்கும் 'சி' டிரைவில். ரீசெட் செய்யும்போது 'என் ஃபைல்களை வைத்துக்கொள்' என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால் கடிதங்களும் படங்களும் தப்பும், வெளியிலிருந்து போட்ட புரோகிராம்கள் போகும். போன புரோகிராம்களின் ஜாபிதா ஒன்றை டெஸ்க்டாப்பில் போட்டுவிட்டுப் போகிற அளவுக்கு விண்டோஸுக்கு நாகரிகம் உண்டு. அந்த ஜாபிதாவில் ஃபான்ட்களைத் தேடினால் கிடைக்காது. ஆக, கடிதம் பத்திரமாக இருக்கும், படிக்க முடியாது. "ஃபைல் எல்லாம் காப்பி எடுத்தாச்சா?" என்று கேட்கும் கடைக்காரர் யாரும் "ஃபான்ட் எடுத்தாச்சா?" என்று கேட்பதில்லை. மருமகனும் அதுவரை யாரிடமும் கேட்டதில்லையாம்.

ஹார்ட் டிஸ்கைத் திரும்ப மாட்டி, ஃபான்டைத் தேடி எடுத்து, பென் டிரைவில் பட்டியலுக்குப் பக்கத்திலேயே போட்டார். ஸ்கேன்கள் இரண்டு பிரதிகள் ஆயின. ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில் அந்த வீட்டிலேயே இருக்கும், இன்னொன்று நெடுங்கண்டத்துக்குப் போகும். ஆதார், ரேஷன் கார்டு ஸ்கேன்களைப் பற்றி அவர்கள் அலட்டிக்கொள்ளவில்லை. அவை போனாலும் சர்க்காரிடம் பிரதி இருக்கிறது, இறக்கிக்கொள்ளலாம். வேறெங்கும் பிரதி இல்லாததுதான் முதலில் பையில் ஏற வேண்டும். பேத்தியின் சிறு வயதுப் படங்களும் ஏறின.

ரீசெட்டை அன்றைக்கே செய்துவிடலாம் என்றார் கணக்குப்பிள்ளை. மருமகன் ஜன்னலைக் காட்டினார். பூப்பாறைப் பக்கம் வானம் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தது. ரீசெட் பாதியில் இருக்கும்போது கரன்ட் போனால் பழையதும் இருக்காது, புதியதும் வந்திருக்காது. கறுப்புத் திரை மட்டும் இருக்கும். லேப்டாப்புக்குச் சார்ஜ் உண்டு, டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் இருந்தால் உண்டு. கணக்குப்பிள்ளை வீட்டு யுபிஎஸ்ஸின் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது. இந்த வேலை ஒரு மணி நேரத்திலும் முடியலாம், நாலு மணி நேரமும் இழுக்கலாம். புதிய லேப்டாப் என்றால் இன்னொரு பூட்டும் உண்டு. விண்டோஸ் 11இல் பலவற்றில் டிஸ்க் தானாகவே சங்கேதத்தில் பூட்டப்பட்டு வருகிறது. இடையில் ஏதாவது தகராறு என்றால் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அந்த எண் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

இரண்டு நாள் கழித்து, வெயில் அடித்த ஒரு காலையில், கடையிலிருந்து கொண்டுவந்த யுபிஎஸ்ஸில் மிஷினை மாட்டிவிட்டு மருமகன் மீண்டும் அதே பக்கத்தைத் திறந்தார். 'எல்லாவற்றையும் அகற்று.' எந்த டிரைவ் என்று கேட்டது. விண்டோஸ் இருக்கும் டிரைவ் மட்டுமா, எல்லா டிரைவுமா? இந்த இடத்தில் அவசரப்பட்டு இரண்டாவதை அமுக்கியவர்கள் கடைக்கு வந்து அழுததை அவர் பார்த்திருக்கிறார். வெளியாருக்கு விற்பதென்றால் எல்லா டிரைவையும் துடைப்பதுதான் முறை. இது வீட்டுக்குள்ளேயே பேத்திக்குப் போவது. முதலாவதை அமுக்கினார். கணக்குப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார், காய வைத்த காயைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு.

அவர் திரும்பி வந்தபோது மிஷின் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. எந்த நாடு? எந்தக் கீபோர்டு? பேத்தி பக்கத்தில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் அப்புறம் போடு மாப்ளே. முதல்ல அந்த எழுத்தைப் போடு."

மருமகன் பென் டிரைவைச் செருகினார். ஃபான்டை ஏற்றிவிட்டுப் பட்டியலைத் திறந்தார். அரைப்புள்ளிகள் மறைந்து பெயர்கள் வந்தன. கணக்குப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எண்களோடு கிடக்கும் படங்கள் மொத்தம் 212. முதல் படத்தைத் திறந்து, பேரேட்டுப் பக்கத்தின் தலைப்பைப் பார்த்து, பட்டியலில் அதைத் தேட ஆரம்பித்தார். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் பெயர் அடித்தாள், யூனிகோடில்.